செரிக்காத அலகு

தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்த கணவாய் அலகு மூன்றாவது வாரம் வெடித்துவிட்டது. கறுத்த நுனி மட்டும் அப்படியே இருந்தது. அதன் பின்னால் மெல்லிய கண்ணாடித்தாள் போல விரிந்திருந்த பகுதி சுருண்டு, முறுகி, நடுவில் பிளந்து கிடந்தது. விரல் பட்டதும் ஒரு சில்லு உதிர்ந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. குப்பைக்குப் போகிற ஒரு பொருளுக்காக இவ்வளவு வருத்தமா என்று வீட்டில் கேட்டார்கள். வருத்தம்தான். பென்குயின்களைப் பற்றி இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்த ஒரே சான்று அது.

சென்னையில் கடம்பா என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். தென்மாவட்டங்களில் கணவாய். அதிலும் முதுகுக்குள் வெள்ளை ஓடு இருப்பது ஓட்டுக்கணவாய். ஒல்லியாக நீண்டு, உள்ளே கண்ணாடி ஈர்க்கு போல ஒரு முள் மட்டும் இருப்பது ஊசிக்கணவாய். இங்கே நான் கணவாய் என்று சொல்வதெல்லாம் ஊசிக்கணவாயையும் தெற்கே வெகுதொலைவில் உறைகடலில் வாழும் அதன் உறவுகளையும்தான்.

நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மா முதல்முறை கடம்பா வாங்கியபோதே சொல்லிக்கொடுத்திருந்தார். “தலையப் புடிச்சு ஒரே இழு கண்ணு, குடலு கூடவே வந்துரும். அப்பால காலுக்கு நடுவுல ரெண்டு வெரலால அமுக்கு, பல்லு தானா வெளிய வரும். அத எடுக்காம கொழம்புல போட்டா புள்ளைங்களுக்குத் தொண்டைல குத்தும்.” அமுக்கினால் கால்களின் நடுவிலிருந்து ஒரு சதை உருண்டை பிதுங்கி வரும். அதை உரித்தால் உள்ளே இரண்டு துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி. கிளிமூக்கு என்றுதான் முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிளிக்கு மேலலகு வெளியே நின்று கீழலகை மூடி வளையும். கணவாய்க்குக் கீழலகுதான் வெளியே நின்று மேலலகைத் தழுவிக்கொள்ளும். நுனி கன்னங்கறுப்பு. பின்னால் போகப் போகப் பனங்கற்கண்டு நிறம், அதற்கும் பின்னால் நிறமே இல்லாத மெல்லிய ஏடு.

பறவையின் வாய்க்கும் கணவாயின் வாய்க்கும் தமிழில் அலகு என்ற ஒரே சொல்லை எழுதலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஓர் அலகு இன்னோர் அலகை விழுங்கியபின் நடப்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அண்டார்க்டிக்காவின் பேரரசப் பென்குயின் நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். நன்றாகத் தின்று தேறிய பறவை 40 கிலோவைத் தொடும். பறவைகளிலேயே மிக ஆழமாக மூழ்குவது இதுதான்: 564 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. ஒரே மூச்சில் 32.2 நிமிடம் நீருக்கடியில் இருந்த ஒரு பறவையைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. அந்த ஆழத்தில் அது தேடிப்போவது மூன்று வகை இரை. நம் ஊர்ச் சென்னாக்கூனியை நினைவூட்டும் கிரில், அண்டார்க்டிக் வெள்ளிமீன், அப்புறம் கணவாய்.

பென்குயின் எதையும் மெல்வதில்லை. பிடித்த கணத்தில் விழுங்கிவிடும். அதன் வாயைத் திறந்து காட்டும் படம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். நாக்கிலும் அண்ணத்திலும் வரிசை வரிசையாக முட்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. வழுக்கும் உடம்பு ஒருமுறை உள்ளே வந்தால் ஒரே திசையில்தான் நகர முடியும். கணவாயின் வழவழப்பைக் கையில் பிடித்து இழுத்தவர்களுக்கு அந்த முட்களின் தேவை நன்றாகவே புரியும். கத்தியின் பிடியில் துணி சுற்றிக்கொண்டு நான் செய்கிற வேலையை அது நாக்காலேயே செய்கிறது.

ருசி பற்றியும் ஒரு செய்தி உண்டு. பென்குயின்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். இனிப்பு, கசப்பு, இறைச்சியின் உமாமி ருசி இம்மூன்றையும் அறியும் ஏற்பிகள் அவற்றிடம் இல்லை. புளிப்பும் உப்பும்தான் மிச்சம். அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலின் கணவாய்களில் பலவும் சதைக்குள் அம்மோனியம் உப்பைத் தேக்கி வைத்துக்கொண்டு மிதப்பவை. நமக்கு வாயில் வைக்க முடியாது. இந்த இரண்டு செய்திகளையும் யாரும் முடிச்சுப் போட்டதாக நான் சொல்லவில்லை. அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

எல்லாப் பென்குயினும் ஒரே அளவில் கணவாய் தின்பதில்லை. அடேலிப் பென்குயினுக்கும் நாடிப்பட்டைப் பென்குயினுக்கும் கிரில்தான் சோறு. அடேலி, இடத்தைப் பொறுத்து வெள்ளிமீனையும் நிறையத் தின்னும், கணவாய் கொஞ்சம்தான். அரசப் பென்குயின் இன்னும் வடக்கே குரோசே, கெர்கலன், தெற்கு ஜார்ஜியா போன்ற தீவுகளில் குஞ்சு வளர்ப்பது. கோடையில் அதற்கு உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு விளக்குமீன்களே போதும். குளிர்காலம் வந்து விளக்குமீன் எட்டாமல் போகும்போது கணவாயின் பங்கு ஏறும். பேரரசப் பென்குயினோ இடத்துக்கு ஓர் உணவு. ராஸ் கடலின் மேற்குப் பகுதியில் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளிமீன். கிழக்கு அண்டார்க்டிக்காவின் மாசன் கரையில் இருக்கும் ஆஸ்டர், டெய்லர் பனியாறு ஆகிய இரண்டு குடியிருப்புகளில் மீனோடு கணவாயும் பெரும்பங்கு. வெடல் கடலின் கிழக்கிலும் அவற்றின் வயிற்றில் கணவாய் அலகுகள் ஏராளம். அவற்றில் அதிகம் சைக்ரோடியூத்திஸ் கிளாசியாலிஸ் என்ற இனத்தின் அலகுகள். பெயரிலேயே குளிரும் பனியும் இருப்பதால் நான் இதை உறைபனிக் கணவாய் என்று அழைத்துக்கொள்கிறேன். 1920இல் யோஹன்னஸ் தீலே என்ற ஜெர்மன் அறிஞர் பெயரிட்டது. தலையும் கைகளும் நீங்கலான உடற்பை மட்டும் 44 சென்டிமீட்டர் வரை வளரும். அந்தக் குடும்பத்தில் இந்த ஓர் இனம்தான்.

மேலே எழுதியதைப் படிக்கும்போது, யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருக்கும். அரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கடல்பனிக்குக் கீழே, இருட்டில், ஒரு பறவை என்ன விழுங்குகிறது என்று யார் நின்று பார்ப்பது? கண்ணுக்கு மேலே தெரிவது பனிமேல் நடந்து திரும்பும் பறவையும் அதன் நிறைந்த வயிறும்தான். கேள்வி கேட்க வேண்டியது வயிற்றிடம். வயிறு சொல்லும் பதிலில் ஒரு கோணல் இருக்கிறது என்பதுதான் என்னை இந்த விஷயத்தில் கட்டிப்போட்டது.

கத்தாழை மீன் வாங்குகிறவர்களுக்குத் தலைக்கல் தெரியும். தலையைக் கடிக்கும்போது பல்லில் நறுக்கென்று படுமே, அந்த வெள்ளைக் கல். ஏறக்குறைய எல்லா மீனுக்கும் அது உண்டு, சிறியதாகவும் பெரியதாகவும். மீனின் உட்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல் அது. இனத்துக்கு இனம் வடிவம் மாறுவதால், பறவையின் வயிற்றில் கல் கிடைத்தால் எந்த மீன், எவ்வளவு பெரிய மீன் என்று சொல்லிவிடலாம். ஆனால் சுண்ணாம்பு வயிற்று அமிலத்தில் கரையும். வெள்ளிமீன் போன்ற சிறு மீனின் கல் சீக்கிரமே தேய்ந்து காணாமல் போய்விடும். கணவாயின் சதை இன்னும் வேகமாகக் கரையும், எலும்பில்லாத உடம்பு. அதன் அலகு மட்டும் கரையாது. பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் கைட்டினும் புரதமும் சேர்ந்து இறுகிய பொருள் அது. சுண்ணாம்பு துளியும் இல்லை. வயிற்றின் மடிப்புகளில் வாரக்கணக்கில் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது என் கற்பனைக் கணக்கு. ஒரு பென்குயின் தினமும் 50 மீனும் 2 கணவாயும் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன்கல் ஒரு நாளில் கரைகிறது, அலகு கரைவதே இல்லை. இருபதாம் நாள் வயிற்றைப் பார்த்தால் 50 மீனின் கற்களும் 40 கணவாயின் அலகுகளும் இருக்கும். கிட்டத்தட்டச் சரிபாதி கணவாய் தின்னும் பறவை என்று எழுதிவிடுவோம். கிரில் தின்னியின் கதை இன்னும் மோசம். பஞ்சு போலக் கரைந்து போன கிரிலுக்குச் சாட்சி சொல்ல வயிற்றில் ஒன்றும் மிஞ்சாது, சில கருத்த கண்களைத் தவிர.

பழைய ஆய்வுகள் பலவற்றில் கடற்பறவைகளுக்குக் கணவாய்ப் பிரியர் என்ற பெயர் கிடைத்ததில் இந்தக் கோணலுக்குப் பங்கு உண்டு. 1980களில்தான் இதைச் சோதித்தார்கள். தென்னாப்பிரிக்கக் கரையின் ஆப்பிரிக்கப் பென்குயின்களுக்கு எண்ணிக்கை தெரிந்த இரையைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரம் கழித்து வயிற்றில் எஞ்சியதைப் பார்த்தார்கள். எது முதலில் மறைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்ற வரிசை அப்போதுதான் கைக்கு வந்தது. சாட்சிகளில் ஒருவர் மட்டும் நெடுநாள் உயிரோடு இருந்தால் வரலாறு அவர் பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதுதான் நடந்திருந்தது.

இப்போது கிடைக்கும் அலகுகளைப் புதியது, பழையது என்று பிரிக்கிறார்கள். ஓரத்து ஏடு கிழியாமல், சில சமயம் சதையும் ஒட்டிக்கொண்டு இருந்தால் புதியது. ஏடு அரிந்துபோய்க் கறுத்த மூக்கு மட்டும் எஞ்சினால் பழையது. இதைப் படித்தபோது எழுந்து போய்த் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் அலகும் அதே வரிசையில்தான் அழிந்திருந்தது. ஏடு முதலில், மூக்கு கடைசியில்.

அது ஏன் என்பதற்கும் பதில் கிடைத்தது. பசிபிக் கடலின் ஹம்போல்ட் கணவாயின் அலகைப் பற்றி 2008இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. கூழ் போன்ற உடம்பில் கத்தி போன்ற அலகு பொருத்தப்பட்டிருக்கிறது; கடிக்கும்போது அந்தக் கத்தி தன் சொந்த வாய்த்தசையையே ஏன் அறுப்பதில்லை என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. அலகின் நுனிக்கும் அடிக்கும் விறைப்பில் நூறு மடங்கு வித்தியாசம் என்று கண்டார்கள். நுனியில் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, தண்ணீர் இல்லாமல், கல் போல இருக்கின்றன. அடியில் கைட்டினும் தண்ணீரும். நடுவில் எங்கும் ஒரு கோடு போட்டு இதுவரை கடினம், இதற்குமேல் மென்மை என்று பிரிக்க முடியாது. படிப்படியாக மாறிக்கொண்டே போகிறது. பனங்கற்கண்டு நிறம் வெளிறிக்கொண்டே போவதும் இந்த மாற்றத்தின் நிறம்தான். அடிப்பகுதியின் மென்மை முழுக்கத் தண்ணீரால் ஆனது என்பதால், அலகை உலரவைத்தால் அந்த மென்மை போய்விடும். நான் செய்தது அதைத்தான். பஞ்சும் தீப்பெட்டியும் சேர்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் அலகுகளை ஆல்கஹாலில் போட்டு வைக்கிறார்கள்.

கோணலான சாட்சி என்றாலும் அலகு சொல்லும் செய்தி பெரியது. அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டனைச் சேர்ந்த மால்கம் கிளார்க். 1950களில் தென்கடலில் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்றில் ஆய்வாளராகப் போனவர். வெட்டிய எண்ணெய்த் திமிங்கலங்களின் வயிற்றில் குவியல் குவியலாகக் கிடந்த அலகுகளைப் பார்த்தார். எல்லாரும் கழுவித் தள்ளியதை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். கீழலகின் மூக்கு நீளத்தை அளந்தால் கணவாயின் எடையைக் கணக்கிடலாம் என்று 1962இல் எழுதினார். 1986இல் அலகை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு கையேடு வெளியிட்டார். 2013இல் மறையும்வரை கணவாய்களைப் பற்றியேதான் இருந்தார். அவர் வழியில் போர்ச்சுகலின் ஹோசே ஷவியரும் பிரான்சின் ஈவ் ஷெரலும் சேர்ந்து தென்கடல் கணவாய்களுக்கென்றே ஓர் அலகுக் கையேட்டை 2009இல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு இனத்தின் அலகுக்கும் பல கோணங்களில் படங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டும்போது நகைக்கடை பட்டியல் பார்ப்பது போல இருக்கும், அவ்வளவு நுணுக்கம்.

இந்தக் கையேடுகள் இவ்வளவு தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. வலை வீசினால் பெரிய கணவாய் அகப்படாது. அதன் கண் கூர்மை, வலையின் அதிர்வு தெரிந்ததும் நீரைப் பீய்ச்சிக்கொண்டு விலகிவிடும். ஆராய்ச்சிக் கப்பல்களின் வலைகளில் பெரும்பாலும் குஞ்சுகளும் இளசுகளுமே சிக்கின. வளர்ந்தவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு பெரியவை என்பதையெல்லாம் திமிங்கலமும் சீலும் அல்பட்ராஸும் பென்குயினும்தான் சொல்ல வேண்டியிருந்தது. பென்குயினைப் பார்க்க உலகமே கூடுகிறது. அதன் நடை, அதன் பொறுமை, காலின்மேல் முட்டையை வைத்துக்கொண்டு குளிரில் நிற்கும் தகப்பன். அது விழுங்கிய உயிரை உயிரோடு பார்த்தவர் அண்மைக்காலம் வரை ஏறக்குறைய யாருமே இல்லை.

அண்மைக்காலம் என்று நான் சொல்வது நேற்று, முந்தாநாள். பேரரசப் பென்குயினின் வயிற்றில் கிடைக்கும் இன்னொரு அலகு கொனாட்டஸ் அண்டார்க்டிகஸ் என்ற கணவாயினுடையது. அலகாகவும், வலையில் சிக்கிச் செத்த உடம்பாகவும் மட்டுமே அறியப்பட்டிருந்த அதை 2024 டிசம்பர் 25 அன்று வெடல் கடலில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், ஃபால்கார் (டூ) என்ற கப்பலிலிருந்து இறக்கிய சுபாஸ்டியன் என்ற ஆளில்லா நீர்மூழ்கி உயிரோடு படம்பிடித்தது. அடுத்த மாதமே, பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் கலிடியூத்திஸ் கிளாசியாலிஸ் என்ற கண்ணாடிக் கணவாய். 2025 மார்ச்சில் தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே 600 மீட்டர் ஆழத்தில் மாபெரும் கணவாய் (கொலோசல் ஸ்க்விட்) என்ற இனத்தின் குஞ்சு ஒன்று, 30 சென்டிமீட்டர் நீளம், உடம்பு முழுக்கக் கண்ணாடி. முதுகெலும்பில்லாத உயிர்களிலேயே எடை மிகுந்தது அந்த இனம். 2007இல் ராஸ் கடலில் மீன்பிடிக் கப்பலில் சிக்கியது 495 கிலோ, இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1925இல் அதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்தது ஓர் எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து எடுத்த சில கைத்துண்டுகள்தான். பெயர் வைத்துச் சரியாக நூறு வருடம் கழித்து அதன் குஞ்சு கடலில் நீந்துவதைப் பார்க்கிறோம்.

அந்தக் கண்ணாடிக் குஞ்சின் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒளி ஊடுருவிப் போகும் உடம்பில் கண்கள் மட்டும் மின்னும். கைகள் மெல்ல விரிந்து மூடும். வயிறுகளிலிருந்து எடுத்த துண்டுகளாக மட்டுமே நூறு வருடம் பேசப்பட்ட உயிர், முழுதாக, தன் பாட்டுக்கு மிதக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

வயிற்றில் இருப்பதை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆரம்பகாலப் பயணங்களில் பறவையைக் கொன்று வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள். 1980களில் வயிற்றைக் கழுவி எடுக்கும் முறை பரவலாயிற்று. கடலிலிருந்து வயிறு நிறையத் திரும்பும் பறவையைக் குஞ்சிடம் போய்ச் சேருமுன் பிடிக்கிறார்கள். தொண்டை வழியாக மெல்லிய குழாயை விட்டு, வெதுவெதுப்பான நீரைச் செலுத்துகிறார்கள். பிறகு பறவையை ஒரு வாளிக்குமேல் தலைகீழாகச் சாய்த்தால் நீரோடு வயிற்றில் இருந்ததும் வந்து விழும். நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப. பறவை உயிரோடு போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த வாளியில் இருப்பது ஒரு குஞ்சின் ஒருவேளைச் சோறு. தாய் பல நாள் கடலில் அலைந்து, ஆழத்தில் மூச்சைப் பிடித்துச் சேர்த்தது. அண்டார்க்டிக் கடலின் மீன்வளத்தைக் கண்காணிக்கும் நாடுகளின் ஆணையம் இந்த முறைக்கு விதிகள் வகுத்திருக்கிறது, எத்தனை பறவைகளை எப்படி எடுப்பது என்றெல்லாம். கிரிலை எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்ய இந்தத் தகவல் தேவைப்படுகிறது. அது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வாளிக்குமேல் சாய்க்கப்பட்ட பறவையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே காத்திருக்கும் குஞ்சின் நினைவுதான் வருகிறது.

இப்போது எச்சத்தை எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். பறவையைத் தொடவே வேண்டாம். கரைந்து மறைந்த இரையும் இதில் அகப்படும். அடேலிப் பென்குயின்கள் சொறிமீனும் தின்கின்றன என்பது 2013இல் இப்படித்தான் தெரியவந்தது. சொறிமீனுக்குக் கல்லும் கிடையாது, அலகும் கிடையாது, வயிற்றைப் பார்த்திருந்தால் என்றைக்கும் தெரிந்திருக்காது. எச்சத்தால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: விழுங்கிய கணவாய் விரல் அளவா, முழங்கை அளவா என்பது. அதற்கு இன்னும் அலகுதான்.

அலகுக்குள்ளேயே இன்னொரு ஏடும் உண்டு. கணவாய் வளர வளர அலகும் வளர்கிறது, பழைய பகுதி மாறாமல் நிற்க, ஓரத்தில் புதியது சேர்கிறது. நுனியில் இருப்பது கணவாயின் குழந்தைப் பருவம், ஏட்டின் விளிம்பில் இருப்பது அதன் கடைசி நாட்கள். அவற்றிலுள்ள நைட்ரஜன், கார்பன் அணுக்களின் எடை வேறுபாடுகளை அளந்தால், அது எந்தக் கடற்பகுதியில் இருந்தது, எந்தப் படிநிலையில் இரை தேடியது என்று சொல்லலாம். 2005இல் ஷெரலும் கீத் ஹாப்சனும் இதைச் செய்து காட்டினார்கள். பறவையின் வயிற்றில் கிடந்த ஒரு துண்டில், அந்தக் கணவாய் அதற்குமுன் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறது. அது எதைத் தின்றது என்பது உட்பட.

இந்தச் சாட்சி எவ்வளவு காலம் நிற்கும்? அடேலிப் பென்குயின்கள் ஆண்டுக்கு ஆண்டு அதே இடத்தில் கூழாங்கல் கூடு கட்டும். கல், எச்சம், இறகு, முட்டையோடு, குஞ்சுகளின் எலும்பு என்று அடுக்கடுக்காக மண் உயரும். பறவைகள் ஒருநாள் அந்த இடத்தைக் கைவிட்டால், குளிரும் வறட்சியும் அத்தனையையும் காத்து வைக்கும். அமெரிக்காவின் ஸ்டீவன் எம்ஸ்லி இப்படிக் கைவிடப்பட்ட குடியிருப்புகளைத் தோண்டிச் சலித்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர். ராஸ் கடல் பகுதியில் அவர் எடுத்த சான்றுகள் 45,000 ஆண்டுவரை பின்னால் போகின்றன. பழைய குடியிருப்புகளின் மண்ணில், சல்லடையில் நின்றவற்றில் வெள்ளிமீனின் கற்களும் இருந்தன, கணவாய் அலகுகளும் இருந்தன, குறிப்பாக நம் உறைபனிக் கணவாயின் அலகுகள். சதை சில மணி நேரம், கல் சில நாள், அலகு பல ஆயிரம் ஆண்டு. என் தீப்பெட்டியில் மூன்று வாரம் தாங்காதது அங்கே தாங்கியிருக்கிறது.

அந்த மண்ணின் முட்டையோடுகளை அளந்து எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் 2007இல் இன்னொன்றும் சொன்னார்கள். அடேலிகள் இவ்வளவு கிரில் தின்பது பழங்காலத்து வழக்கமே இல்லை; கடந்த 200 ஆண்டுகளில்தான் ஓடுகளில் அந்த மாற்றம் தெரிகிறது. அதற்குமுன் அவை உணவுச்சங்கிலியில் மேலே இருக்கும் இரையை, மீன் போன்றவற்றை, அதிகம் தின்றிருக்க வேண்டும். காரணமாக அவர்கள் காட்டுவது மனிதரை. முதலில் சீல்களை வேட்டையாடினோம், பிறகு திமிங்கலங்களை. 20ஆம் நூற்றாண்டில் தென்பாதியில் மட்டும் சுமார் 20 லட்சம் திமிங்கலங்கள். அவை தின்றிருக்க வேண்டிய கிரில் கடலில் மிஞ்சியது, பென்குயின்கள் அதன் பக்கம் திரும்பின. இது ஒரு கருதுகோள்தான், மறுப்பவர்களும் உண்டு. ஆனால் எனக்கு இதில் உறைப்பது வேறு. கடலின் மறுகோடியில் ஒரு பறவையின் சாப்பாட்டுத் தட்டைக்கூட, அந்தப் பறவையையே தொடாமல், நாம் மாற்றியிருக்கக்கூடும்.

கையேடுகளிலும் ஆய்வுகளிலும் வரும் அலகுகள் எல்லாமே பெரிய பறவைகளின் வயிற்றிலிருந்து வந்தவை அல்ல. இறந்துபோன பேரரசப் பென்குயின் குஞ்சுகளின் வயிற்றிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை. குஞ்சு பிறப்பது கடல்பனியின் மேல், நடுக்குளிரில். அதன் காலுக்கடியில் இருப்பது பனி, பனிக்கடியில்தான் கடல். முதல் இறகு உதிர்ந்து, நீர் புகாத இறகு முளைக்கும்வரை அதனால் நீரில் இறங்க முடியாது. சில குஞ்சுகள் அந்த நாள்வரை வருவதில்லை. கடலை ஒருமுறைகூடத் தொடாத அந்தச் சின்ன வயிற்றில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் வாழ்ந்த கணவாய்களின் அலகுகள் கிடக்கின்றன. தாயோ தகப்பனோ ஊட்டியவை.

போன ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கடம்பா வாங்கினேன். அந்தம்மாவிடம் பல் சேர்க்கிறேன் என்று சொன்னதும், வெட்டிக்கொடுத்த நாலு கடம்பாவின் பல்லையும் தனியாக ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். “இன்னாத்துக்கு கண்ணு இது?” என்றார். பென்குயின் கதையைச் சொன்னேன். தராசுத்தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அதுக்கும் தொண்டைல குத்தாதா?” என்று கேட்டார். நாக்கிலிருக்கும் முட்களைப் பற்றிச் சொன்னேன்.

இந்தமுறை உலரவிடவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டை ஒரு சின்ன மூடிப்போட்ட கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, நான்கையும் அதில் போட்டிருக்கிறேன். போடுமுன் அப்பாவின் பழைய வெர்னியர் அளவியை எடுத்து ஒரு கீழலகின் மூக்கை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் கறுத்த நுனி கீழே தங்கி நிற்கிறது, அதன் ஏடு விரிந்து, இன்னும் ஈரமாக, லேசாக அசைகிறது.